பேண்ட் பாக்கெட்டில் வைக்க ஹேமர் உள்ள சின்ன பிஸ்டல்: எதை எடுக்கலாம்?

#1 கேட்டி கடைக்காரர்

வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் பெட்ரோல் பங்கை ஒட்டி ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. டெக்சாஸின் கைத்துப்பாக்கி உரிமமும் எடுத்துவிட்டேன். இரவில் கடையைப் பூட்டிவிட்டுக் காருக்கு நடக்கும் நேரம்தான் என் கவலை. அக்கம்பக்கத்துக் கடைகளில் இரண்டு முறை கொள்ளை நடந்துவிட்டது.

வீட்டுப் பெட்டகத்தில் ஸ்ட்ரைக்கர் வகை (ஹேமர் இல்லாமல், ஸ்பிரிங்கில் ஓடும் ஊசியே தோட்டாவை அடிக்கும் வகை) 9 எம்எம் பிஸ்டல் ஒன்று இருக்கிறது. அதை இடுப்பில் வைத்தால் மெல்லிய சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரிகிறது. இந்த வெயிலில் மேலே இன்னொரு சட்டை போட வழியில்லை. நாள் முழுவதும் குனிந்து பெட்டி தூக்குகிற வேலை வேறு. எனவே பேண்ட்டின் முன் பாக்கெட்டில் அடங்கும் சின்ன பிஸ்டல் வேண்டும். சேம்பரில் (குழலின் பின்முனை அறையில்) தோட்டா ஏற்றிய ஸ்ட்ரைக்கர் பிஸ்டலைத் தொடையை ஒட்டி வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. ஹேமர், அதாவது ஊசியை அடிக்கும் சுத்தியல், உள்ளதாகவே பார்க்கிறேன். 500 டாலருக்குள் அடங்கினால் நல்லது, கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

மனத்தில் இருப்பவை: ரூகர் எல்சிபி, ஸ்மித் அண்ட் வெஸன் பாடிகார்டு 380, பெரட்டா டாம்கேட், சிக் பி238. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 சான் ஆன்டோனியோ பயிற்றுநர்

வணக்கம் தம்பி. நீங்கள் சொன்ன நான்கிலும் ஹேமர் உண்டு. ஆனால் நான்கும் நான்கு விதம். ஹேமர் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுத்தால், நீங்கள் தேடும் பாதுகாப்பு கிடைக்காமலே போகலாம்.

பி238-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1983-இல் வந்த கோல்ட் மஸ்டாங்கின் வழியில் செய்யப்பட்டது. சிங்கிள் ஆக்‌ஷன். ட்ரிக்கர் ஹேமரை விடுவிக்க மட்டுமே செய்யும் என்பதால், ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்தி, சேஃப்டியை (பாதுகாப்புத் தாழை) மேலே தள்ளி வைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். சேஃப்டி விலகிவிட்டால் மிச்சம் இருப்பது குட்டையான, இலேசான ட்ரிக்கர்தான். சுடுவதற்கு அருமையான பிஸ்டல், அதில் சந்தேகமே இல்லை. இடுப்பில் இறுக்கமான உறையில் வைப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். பாக்கெட்டுக்குள் நடக்கும்போதும் உட்காரும்போதும் துணி உரசிக்கொண்டே இருக்கும். அங்கே அந்தச் சின்ன நெம்புகோலை நம்பி இருக்க எனக்கு விருப்பமில்லை.

டாம்கேட் டபுள் ஆக்‌ஷனும் சிங்கிள் ஆக்‌ஷனும் சேர்ந்தது. ஹேமர் கீழே இருக்க, முதல் தோட்டாவுக்கு மட்டும் ட்ரிக்கரே ஹேமரை ஏற்றி விடுவிக்கும்; அதனால் நீளமான, கனமான இழுப்பு. அடுத்தவை இலேசாகப் போகும். இதில் டீகாக்கர் (ஏறிய ஹேமரைச் சுடாமல் இறக்கும் நெம்புகோல்) கிடையாது. சேம்பரில் தோட்டா இருக்கும்போது ட்ரிக்கரை அழுத்திக்கொண்டே ஹேமரைக் கட்டைவிரலால் மெல்ல இறக்குவது ஆபத்தான வேலை. பெரட்டா அதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. டாம்கேட் வைத்திருப்பவர்கள் சொல்வார்கள்.

பாடிகார்டு 380, 2010-இல் வந்தது. ஹேமர் உள்ளே மறைந்திருக்கும். ஒவ்வொரு முறையும் நீளமான டபுள் ஆக்‌ஷன் இழுப்பு. தோட்டா வெடிக்காவிட்டால் ட்ரிக்கரை மறுபடி இழுத்து அதே பிரைமரை (தோட்டாவின் அடியில் தீப்பற்றும் மூடியை) இன்னொரு முறை அடிக்கலாம். 2008-இல் வந்த முதல் எல்சிபியில் ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) பின்னால் போய் வரும்போதே ஹேமர் பாதி ஏறி நிற்கும். மீதியை ட்ரிக்கர் இழுக்கும். அதனால் இழுப்பு நீளம்தான், ஆனால் வெடிக்காத தோட்டாவை மறுபடி அடிக்க முடியாது. ஸ்லைடை இழுத்து அதை வெளியே தள்ளியாக வேண்டும்.

உங்கள் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லாப் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். துப்பாக்கி உயிருக்கு மட்டும்.

#3 ஆஸ்டின் அருள்

அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் ஸ்ட்ரைக்கர் என்றாலே பயப்படுவதை நான் ஏற்கவில்லை. ட்ரிக்கரை முழுக்க மூடும் கெட்டியான உறையில் இருந்தால், நல்ல நிலையில் உள்ள நவீன ஸ்ட்ரைக்கர் பிஸ்டல் பொதுவாகத் தானாக வெடிக்காது. பாடிகார்டு 2.0, 2024-இல் வந்தது; ஸ்ட்ரைக்கர் வகை. கிட்டத்தட்ட அதே அளவில் 10 தோட்டா மேகசின், கண்ணுக்குத் தெரியும் நல்ல குறிகாட்டிகள், சீரான ட்ரிக்கர். பழைய பாடிகார்டில் 6 தோட்டா மேகசின்தான். நான் 2.0 வாங்கியதிலிருந்து பழைய வகையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹேமர்தான் வேண்டும் என்றால் ரூகர் எல்சிபி மேக்ஸ் இருக்கிறது. 2021-இல் வந்தது, 10 தோட்டா, சுமார் 300 கிராம். அதிலும் ஹேமர்தான்!

#4 சான் ஆன்டோனியோ பயிற்றுநர்

அருள், உங்கள் கடைசி வரியில்தான் என் பேச்சே இருக்கிறது. எல்சிபி மேக்ஸிலும், அதற்கு முன் 2016-இல் வந்த எல்சிபி 2-லும் ஹேமர் உண்டு. ஆனால் ஸ்லைடு அதை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடுகிறது. ட்ரிக்கர் செய்வது விடுவிக்கும் வேலைதான். விரலுக்கு அது ஸ்ட்ரைக்கர் பிஸ்டலைப் போலத்தான் இருக்கும்: கொஞ்சம் தளர்வு, பிறகு சுவர் போல ஒரு தடை, பிறகு வெடி. ட்ரிக்கர் நடுவில் ஒரு சேஃப்டி நாக்கு உண்டு. விரலாக இருந்தாலும் சாவிக் கொத்தாக இருந்தாலும், நடுவில் அழுத்தினால் அந்த நாக்கு வழிவிட்டுவிடும்.

ஆகவே தம்பி கேட்க வேண்டிய கேள்வி ஹேமரா ஸ்ட்ரைக்கரா என்பதல்ல. ட்ரிக்கர் எவ்வளவு தூரம் போக வேண்டும், எவ்வளவு பலம் கேட்கிறது என்பதுதான். பாக்கெட்டில் பிஸ்டலை உறைக்குள் திணிக்கும்போது சட்டை நுனி உள்ளே சிக்கும். பதற்றத்தில் எடுக்கும்போது விரல் முந்திக்கொண்டு ட்ரிக்கருக்குப் போகும். அந்த இரண்டு கணங்களிலும் நீளமான இழுப்பு மனிதனுக்குக் கொஞ்சம் அவகாசம் தருகிறது. ஹேமர் வெளியே தெரியும் டபுள் ஆக்‌ஷன் பிஸ்டலில் இன்னொரு நன்மை உண்டு. உறையில் போடும்போது கட்டைவிரலை ஹேமர் மேல் வைத்துக்கொள்ளலாம். ட்ரிக்கரில் ஏதாவது சிக்கினால் ஹேமர் பின்னால் எழும்புவது விரலுக்கு உடனே தெரிந்துவிடும். ஸ்ட்ரைக்கரிலும் மறைந்த ஹேமரிலும் இது நடக்காது.

#5 டாலஸ் மீனாட்சி

டாம்கேட் பற்றி ஐயா விட்ட இடத்திலிருந்து நான் சொல்கிறேன். எனக்கு விரல் மூட்டுகளில் வாதம். சின்ன பிஸ்டல்களின் ஸ்லைடை இழுப்பதுதான் எனக்குப் பெரிய தடையாக இருந்தது. பிஸ்டல் சின்னதாக ஆக ஆக ஸ்பிரிங் கடினமாகிறது, பிடிக்க இடமும் குறைகிறது. கடைகளில் பெண் என்றால் முதலில் மிகச் சின்னதை எடுத்து நீட்டுகிறார்கள். இதை யோசித்து நீட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் கடைசியில் எடுத்தது பெரட்டா 21ஏ பாப்கேட், .22 வகை. டாம்கேட்டும் அதே அமைப்புதான், .32 ஏசிபி தோட்டாவுக்குச் செய்தது. பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதை முன்னால் தள்ளினால் குழலின் பின்பக்கம் துள்ளி எழும்பி நிற்கும். திறந்த சேம்பரில் ஒரு தோட்டாவை விரலால் போட்டு, குழலை உள்ளங்கையால் அழுத்தினால் ‘க்ளிக்’ என்று மூடிக்கொள்ளும். ஸ்லைடைத் தொடவே வேண்டாம். ஹேமரை இறக்க வேண்டும் என்றால் முதலில் இப்படிக் குழலைத் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டு, ஹேமரை இறக்கி, பிறகு தோட்டாவைப் போட்டு மூடுவேன். ஐயா சொன்ன ஆபத்து இப்படித்தான் தீர்கிறது.

குறையையும் சொல்ல வேண்டும். இந்தக் குழல் நிமிரும் பெரட்டாக்களில் எக்ஸ்டிராக்டர் (காலித் தோட்டாவைச் சேம்பரிலிருந்து இழுக்கும் கொக்கி) கிடையாது. வாயு அழுத்தமே காலித் தோட்டாவை வெளியே தள்ளுகிறது. வெடிக்காத தோட்டா இருந்தால் ஸ்லைடை இழுத்து எடுக்க முடியாது, குழலைத் திறந்துதான் எடுக்க வேண்டும். அடி விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் .22 ரிம்ஃபயர் தோட்டாக்களில் வெடிக்காதவை, நடுவில் அடிபடும் சென்டர்ஃபயரைவிட அதிகம். அதனால் எந்த நிறுவனத்தின் தோட்டா என் பிஸ்டலில் தடங்கலின்றி ஓடுகிறது என்று பார்த்து, அதையே தொடர்ந்து வாங்குகிறேன். டாம்கேட் வாங்குபவர்கள் கையேட்டில் சொன்ன வரம்பைத் தாண்டிய வேகத் தோட்டா போடக் கூடாது. சட்டகம் விரிசல் விடும்.

‘.22 பொம்மை’ என்று எழுதப் போகிறவர்களுக்கு: நான் ஏற்றவும் இயக்கவும் குறி வைக்கவும் முடிகிற பிஸ்டல் இதுதான்.

#6 ஆஸ்டின் அருள்

மீனாட்சி அக்கா சொன்னதை ஏற்கிறேன். கையில் வலு குறைந்தவர்களுக்கு அது நல்ல தீர்வு. ஆனால் கடைக்காரர் அண்ணனுக்குக் கையில் பிரச்சினை இல்லை. .22, .32 எல்லாம் எதற்கு? குறைந்தபட்சம் .380 வேண்டாமா? வால்டர் பிபிகேயும் பட்டியலில் வரலாமே. டபுள் ஆக்‌ஷன், வெளியே தெரியும் ஹேமர், டீகாக்கர் எல்லாம் இருக்கிறது.

#7 சான் ஆன்டோனியோ பயிற்றுநர்

பிபிகே அழகான பிஸ்டல். ஆனால் அரைக் கிலோவுக்கும் மேல் எடை. கோடைக்கால பேண்ட் ஒரு பக்கம் இறங்கிவிடும். அது புளோபேக் வகை. குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்வதில்லை, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்குமே வெடிப்பைத் தாங்குகின்றன. அதனால் .380 தோட்டாவுக்குக் கையில் சுருக்கென்று உதைக்கும். பெரிய கை உள்ளவர்களுக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஸ்லைடு தோலைக் கீறுவதும் உண்டு.

இந்தச் சின்ன பிஸ்டல்களின் வரலாற்றில் அமெரிக்கச் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், இறக்குமதியாகும் கைத்துப்பாக்கிகளுக்கு அளவு, எடை பார்த்து மதிப்பெண் போடும் முறை வந்தது. பிபிகே அதில் தேறவில்லை. அதன் ஸ்லைடையும் குழலையும் கொஞ்சம் உயரமான பிபி மாடலின் சட்டகத்தில் பொருத்தி, பிபிகே/எஸ் என்று ஒன்றைச் செய்தார்கள். பெரட்டாவும் தன் குட்டி பிஸ்டல்களை இங்கேயே செய்யத் தொடங்கியது. இன்று பாக்கெட் பிஸ்டல் என்றால் பெரும்பாலும் அமெரிக்காவில் செய்ததாகவே இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

தோட்டாவுக்கு வருகிறேன். .32 ஏசிபியும் .380 ஏசிபியும் ஜான் பிரவுனிங் வடிவமைத்தவை. முன்னது 1899, பின்னது 1908. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு, சோதனைக்கான ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலை எஃப்பிஐ வகுத்தது. குட்டைக் குழலிலிருந்து வரும் .380 ஹாலோ பாயின்ட் (முனை குழிந்த, உடலில் விரியும் குண்டு) பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்யும்: விரிந்தால் ஆழம் போதாது, ஆழம் போனால் விரியாது. .32-இல் ஆழத்துக்காகவே பலர் ஃபுல் மெட்டல் ஜாக்கெட் (உலோகம் போர்த்திய, விரியாத குண்டு) போடுகிறார்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. .32 தோட்டாவின் அடி விளிம்பு லேசாக வெளியே நிற்கும். ஹாலோ பாயின்ட் நீளம் குறைந்ததால் மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆடி, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளலாம். அப்படி மாட்டினால் ஸ்லைடைத் தட்டி இழுத்துச் சரிசெய்ய முடியாது. மேகசினையே உருவ வேண்டும்.

இத்தனை இருந்தும் .32-ஐ நான் தள்ளிவிட மாட்டேன். கெல்டெக் பி-32 என்று ஒன்று இருக்கிறது, 1999 முதல். காலி எடை 190 கிராமுக்குள். புளோபேக் அல்ல, குழல் பூட்டிக்கொள்ளும் வகை. அதனால் அவ்வளவு இலேசாக இருந்தும் உதை மென்மையாக இருக்கும். உள்ளே ஹேமர், நீளமான இழுப்பு, 7 தோட்டா மேகசின். எல்சிபியோ கையில் பட்டாசு வெடித்தது போல் உதைக்கும். பலர் ஒரு பெட்டித் தோட்டா சுட்டுவிட்டு அதைத் தொடவே மாட்டார்கள். பயிற்சி செய்ய மனம் வராத பிஸ்டல், எந்த அளவுத் தோட்டா போட்டாலும் பயனில்லை. தம்பி, ரேஞ்சில் (சுடும் பயிற்சிக்கூடத்தில்) வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் சுட்டுப் பாருங்கள். ஐந்து கெஜத்தில் ஒரு கையால், இரு கையால், இரண்டும்.

#8 புதிதாக வந்தவன்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் எச்1பி விசாவில் டாலஸில் இருக்கிறேன். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் உரிமம் இல்லாமலே 21 வயது கடந்தவர்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அது எனக்கும் பொருந்துமா?

#9 டாலஸ் மீனாட்சி

தம்பி, பொருந்தாது. மாநிலச் சட்டம் எதைச் சொன்னாலும், குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. எச்1பி அதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் அவற்றை நம்பிக் காரியத்தில் இறங்கும் முன் குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் இரண்டும் தெரிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள். துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. பொய்யாக நிரப்புவது தனிக் குற்றம். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை பொறுத்திருங்கள். இதில் தவறினால் வேலையும் வாழ்க்கையும் சேர்ந்து போகும்.

#10 சான் ஆன்டோனியோ பயிற்றுநர்

அம்மா சொன்னதை அப்படியே பின்பற்றுங்கள். கடைக்காரர் தம்பி உரிமம் எடுத்தது நல்ல காரியம். பள்ளியிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற மத்தியச் சட்டத்தில், மாநில உரிமம் பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. உரிமம் இல்லாமல் தெருவில் நடப்பவருக்கு அது இல்லை. ஊருக்குள் பள்ளியைத் தாண்டாமல் எங்கே போக முடியும்? அஞ்சலகத்துக்குள் பொதுவாக அனுமதி இல்லை, நினைவில் வையுங்கள்.

#11 பியர்லாந்து பெரியசாமி

பிஸ்டலைப் பற்றியே பேசுகிறோம். பாக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே! இருபது டாலரில் முடிகிற உறைதான் இதில் பாதி வேலையைச் செய்கிறது.

பாக்கெட் உறைக்கு மூன்று கடமைகள். ட்ரிக்கரை முழுக்க மூட வேண்டும். பிஸ்டலைப் பிடி மேலே இருக்கும்படி நேராக நிறுத்த வேண்டும். எடுக்கும்போது உறை பாக்கெட்டிலேயே தங்க வேண்டும். சொரசொரப்பான வெளிப்புறமோ, துணியில் மாட்டும் கொக்கியோ இல்லாவிட்டால் உறையோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் கூடாது. சாவி கூடாது, சில்லறை கூடாது. கடைக்காரர்களுக்குச் சில்லறையை எடுத்துப் பாக்கெட்டில் போடும் பழக்கம் கையோடு ஊறியது. அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பாக்கெட்டுக்குள் கை விட்டால் பிடியை முழுதாகப் பற்றி முஷ்டி ஆக்காதீர்கள், வெளியே வரும்போது பாக்கெட்டின் வாயில் மாட்டும். கட்டைவிரலை ஸ்லைடின் பின்முனையில் தட்டையாக வைத்து எடுத்தால் கை ஒடுங்கி வரும், பிடி வெளியே வந்த பிறகு முழுமையாகும். இன்று நீங்கள் போட்டிருக்கும் பேண்ட்டிலேயே, காலிப் பிஸ்டலுடன், தோட்டா எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துவிட்டுப் பழகிப் பாருங்கள். அப்படியே காரில் ஏறி, பெல்ட் போட்டு உட்கார்ந்து பாருங்கள். பாக்கெட்டிலிருந்து எடுக்கவே வராது. நீங்கள் கவலைப்படுவது காருக்கு நடக்கும் நேரம் என்பதால் இது ஒத்துவரும். கார் ஓட்டும்போது ஆபத்து என்று நினைப்பவருக்கு பாக்கெட் உதவாது.

ஹூஸ்டன் ஈரப்பதத்தில் வியர்வை உப்பு கார்பன் ஸ்டீல் ஸ்லைடில் சீக்கிரம் துருவைக் கொண்டுவரும். துணித் தூசி ஹேமர் இருக்கும் பள்ளத்திலும் குழல் வாயிலும் பஞ்சாகத் திரளும். வாரம் ஒரு முறை துடைத்து எண்ணெய் பூசுங்கள். இன்னொன்று: தினமும் தோட்டாவை இறக்கி, மறுநாள் அதே தோட்டாவைச் சேம்பரில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் குண்டு, சேம்பருக்கு ஏறும் சரிவில் மோதி, கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டாவின் கூட்டுக்குள் அழுந்தும். நீளம் குறைந்தால் அழுத்தம் எகிறும். புதிய தோட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். மயிரிழை குட்டையாகத் தெரிந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

#12 ஆஸ்டின் அருள்

பெரியசாமி ஐயா எழுதியதை அச்சிட்டு ஒட்டலாம். பழைய எல்சிபி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல் சேர்க்கிறேன். கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று 2008 அக்டோபரில் ரூகர் நிறுவனமே அதைத் திரும்ப அழைத்துப் பாகங்களை மாற்றிக் கொடுத்தது. 370 என்று தொடங்கும் வரிசை எண்ணைப் பார்த்தால், அது சரிசெய்யப்பட்டதா என்று நிறுவனத்திடம் விசாரிக்காமல் வாங்காதீர்கள்.

#13 கேட்டி கடைக்காரர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ரேஞ்சில் எல்சிபி, பழைய பாடிகார்டு, பி-32, டாம்கேட் நான்கையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டேன். பயிற்றுநர் ஐயா சொன்னபடி ஐந்து கெஜத்தில், பேப்பர் தட்டு அளவு இலக்கில்.

எல்சிபியின் உதையில் பிடியே கைக்குள் நகர்ந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் பிடியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது, அதற்குள் குறி எங்கோ போய்விட்டது. பாடிகார்டில் இழுப்பு நீளம், கனமும்கூட. விரல் நுனி கடைசியில் இடப்பக்கம் தள்ளுகிறது. ஆனால் சீராக இழுத்தபோது தட்டுக்குள் விழுந்தது. டாம்கேட் கையில் நன்றாக உட்கார்ந்தது. ஆனால் தடிமனால் பாக்கெட்டில் செங்கல் வைத்தாற்போல் தெரிந்தது. பி-32-இல்தான் வியப்பு. இவ்வளவு இலேசான பிஸ்டலில் குறிகாட்டி என்று சொல்லவே ஒன்றுமில்லை. இருந்தும் முழு மேகசினும் தட்டுக்குள் விழுந்தது, ஒரு கையால் சுட்டபோதும். என் மனைவியும் சுட்டார். அவர் எல்சிபியை ஒரே குண்டோடு மேசையில் வைத்துவிட்டு, பி-32-ஐ மறுபடி கேட்டு வாங்கிச் சுட்டார்.

பி-32-ஐயே எடுக்கிறேன். ஃபுல் மெட்டல் ஜாக்கெட் தோட்டா, பெரியசாமி ஐயா சொன்ன கொக்கி வைத்த உறை. வீட்டில் எட்டு வயதுப் பையன் இருக்கிறான். வந்ததும் பாக்கெட்டிலிருந்து நேரே விரல்ரேகைப் பெட்டிக்குப் போகும்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். டிசம்பரில் குடும்பத்தோடு சென்னை வருகிறோம். பிஸ்டலைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போனால் போதும்தானே?

#14 சான் ஆன்டோனியோ பயிற்றுநர்

நல்ல தேர்வு தம்பி. பையன் இருக்கிற வீட்டில் பெட்டி கட்டாயம். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை விட்டுவைப்பதே குற்றம்.

பயணத்துக்குப் பிஸ்டலைப் பூட்டினால் மட்டும் போதாது. ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையை விமானத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். கைப்பை, மடிக்கணினிப் பை, குழந்தையின் முதுகுப் பை என்று எல்லாவற்றையும் தலைகீழாகக் கவிழ்த்து, உள் ஜிப், பக்க வலை, அடியில் கிழிந்த உள்துணி வரை விரலை விட்டுத் துழாவுங்கள். ரேஞ்சுக்குப் போட்டுக்கொண்டு போன ஜாக்கெட் பாக்கெட்டையும் பாருங்கள். .32 தோட்டா மிகச் சிறியது. தையல் ஓரத்தில் ஒளிந்துகொள்ளும். மறந்துபோன ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், 1959 ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்கு வரும். உங்கள் டெக்சாஸ் உரிமத்தை அங்கே நீட்டிப் பயனில்லை. நான் ரேஞ்சுக்கு என்று தனிப் பை ஒன்று வைத்திருக்கிறேன். அது காரின் டிக்கியைத் தாண்டி வேறு எங்கும் போவதில்லை.